ஹேமர் இழுக்கும் கட்டைவிரல்: கௌபாய் போட்டியில் கை வலித்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 58. டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் வசிக்கிறேன். நான்கு வருடமாக கௌபாய் ஆக்‌ஷன் துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். என்னிடம் இருப்பவை இரண்டு ரூகர் நியூ வாக்கேரோ ரிவால்வர், 45 கோல்ட் தோட்டாவுக்கானவை. கடையில் வாங்கும், 250 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) தோட்டாதான் போடுகிறேன். டூயலிஸ்ட் பிரிவு, அதாவது ஒற்றைக் கையால் சுடுவது. ஆறு ஸ்டேஜில் (போட்டிச் சுற்றுகளில்) மூன்றாவது முடிவதற்குள் வலது கட்டைவிரலின் அடியில் வலி பிடித்துக்கொள்கிறது. மறுநாள் ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடிவதில்லை. போட்டிக்குக் கிளம்பும்போது இரண்டு இபுபுரூஃபன் போட்டுக்கொள்கிறேன். கை பலப்படட்டும் என்று தினமும் இரவில் வெற்றுத் துப்பாக்கியில் 200 தடவை பயிற்சி செய்கிறேன். ஸ்பிரிங் கிரிப்பரும் அழுத்துகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன். உதைப்பைத் தாங்க நல்ல கையுறை அல்லது பட்டை இருந்தால் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?

பதில்: மாத்திரையைக் கூட்ட வேண்டாம். கையுறை வாங்கவும் அவசரப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், உதைப்பைவிட, ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பின்பக்கச் சுத்தியலை) இழுக்கும் வேலைதான் உங்கள் கட்டைவிரலை அதிகம் சோதிக்கிறது. அதிலும் போட்டியைவிடப் பயிற்சியில்தான் சுமை அதிகம். ஒரு போட்டியில் ஸ்டேஜுக்கு 10 ரிவால்வர் ரவுண்டு, ஆறு ஸ்டேஜுக்கு 60 இழுப்பு. வீட்டிலோ ஒரே இரவில் 200. மாதத்துக்கு 6,000. தோட்டாவே இல்லாத பயிற்சியில் உதைப்பு கிடையாது. ஆனால் ஹேமர் ஸ்பிரிங்கின் இறுக்கம் அப்படியே இருக்கிறது.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேற்குப் பகுதியின் உடையும் ஆயுதமுமாக ஆடும் போட்டி இது. 1987-இல் உருவான சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிகளைத்தான் பெரும்பாலான கிளப்புகள் பின்பற்றுகின்றன. இரண்டு ரிவால்வர், லீவர் ரைஃபிள், ஷாட்கன், இவற்றால் அருகிலுள்ள இரும்பு இலக்குகளை வரிசைப்படி நேரம் வைத்துச் சுட வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். டிரிகரை மட்டும் அழுத்தினால் எதுவும் நடக்காது. இந்த இழுப்புதான் நம் பேச்சின் மையம்.

முதலில் வலி எந்த இடத்தில் என்று உறுதி செய்யுங்கள். கட்டைவிரலின் அடி எலும்பு மணிக்கட்டின் சிறு எலும்பு ஒன்றின் மேல் குதிரைச் சேணத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் போல அமர்ந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் திரும்பும். அதனாலேயே சீக்கிரம் தேயும். கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளினால், இந்த அடிமூட்டில் விழும் அழுத்தம் சுமார் 12 கிலோ. ஐம்பது வயதுக்கு மேல் இந்த மூட்டில் தேய்மானம் வெகு சாதாரணம். இடது கையின் இரண்டு விரலால் வலது கட்டைவிரலின் அடி எலும்பைப் பிடித்து, மணிக்கட்டை நோக்கி மெல்ல அழுத்தியபடியே சுழற்றிப் பாருங்கள். உங்களுக்குப் பழக்கமான அதே வலி வந்தால், அல்லது நறநறவென்று உணர்ந்தால், இந்த மூட்டைச் சந்தேகிக்கலாம். பாட்டில் மூடி, சாவி, சட்டைப் பொத்தான் ஆகியவற்றில் வலிப்பதும் இதன் அடையாளம்தான்.

வலி அதற்கு ஒரு அங்குலம் மேலே, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு மேட்டில் இருந்தால் கதை வேறு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாயுங்கள். சுரீர் என்று இழுத்தால், அங்கே ஒரு உறைக்குள் ஓடும் இரண்டு தசைநாண்களில் உறுத்தல் இருக்கிறது. டிகெர்வான் என்று டாக்டர்கள் எழுதுவது இதைத்தான். காலையில் கட்டைவிரலோ நடுவிரலோ மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு, 'டக்' என்று விடுபட்டால் அது டிரிகர் ஃபிங்கர். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய் கையை உதறத் தோன்றினால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. இந்த நான்கும் ஒரே கையில் சேர்ந்தும் வரலாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் முதல் வகைக்குத்தான் பொருந்துகின்றன. அதை வைத்தே மேலே சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் வலது கட்டைவிரலால் ஹேமரை இழுக்காதீர்கள். உறையிலிருந்து எடுப்பது, குறி பார்ப்பது, ஒரு இலக்கிலிருந்து அடுத்ததற்குக் கண்ணும் முன்குறியும் நகர்வது, கால் வைக்கும் இடம், திரும்ப உறையில் வைப்பது எல்லாவற்றையும் ஹேமரைத் தொடாமலே பழகலாம். நேரம் மிச்சமாவது பெரும்பாலும் இவற்றில்தான். ஸ்பிரிங் கிரிப்பரைத் தூக்கி வைத்துவிடுங்கள். ரப்பர் பந்தும் வேண்டாம். தேய்ந்த அடிமூட்டை இன்னும் பலமாக அழுத்திப் பிசைவது மட்டுமே இவற்றால் நடக்கிறது. மூட்டு வலிக்கு 'கையைப் பலப்படுத்து' என்று சொல்லிக் கிரிப்பர் வாங்கித் தருவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத ஆலோசனை.

பலப்படுத்த வேண்டிய தசை வேறு. ஆள்காட்டிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கையின் புறப்பக்கம் புடைத்துத் தெரிகிறதே, அந்தத் தசை கட்டைவிரலின் அடி எலும்பைச் சரியான இடத்தில் இழுத்துப் பிடிக்கும். உள்ளங்கையை மேசையில் வைத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் பேண்ட் போடுங்கள். ஆள்காட்டி விரலை மட்டும் கட்டைவிரல் பக்கமாக நகர்த்தி மூன்று விநாடி நிறுத்தித் தளர்த்துங்கள். 10 தடவை, நாளுக்கு இரண்டு முறை. இதற்கு முன், இரு விரலுக்கும் இடையிலுள்ள சதையை மறு கையால் ஒரு நிமிடம் அமுக்கி நீவி விடுங்கள். அந்தச் சதை இறுகினால் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் இழுபட்டு மூட்டு இடம் நழுவி உட்காரும்.

பட்டை கேட்டீர்கள். தேவைதான், ஆனால் சுடும்போது போட அல்ல. மணிக்கட்டை விட்டுவிட்டு, கட்டைவிரலின் அடியையும் நடு மூட்டையும் மட்டும் பிடிக்கும் குட்டையான ஸ்பிளிண்ட் வாங்குங்கள். முன்கை வரை நீளும் பெரியது இதற்குத் தேவையில்லை. கட்டைவிரல் நுனி அசைய வேண்டும். வளைத்து ஆள்காட்டியுடன் சேர்த்தால் வட்டமாக வர வேண்டும். இரவிலும், காரோட்டும்போதும், வீட்டு வேலையிலும் நான்கு முதல் ஆறு வாரம் போடுங்கள். தேங்காய் துருவுவது, துணி பிழிவது, செல்போனில் கட்டைவிரலால் தட்டச்சு செய்வது எல்லாம் இதே மூட்டின் கணக்கில்தான் சேர்கின்றன. கடினமான ஸ்பிளிண்டைப் போட்டுக்கொண்டு சுட்டால் கட்டைவிரல் ஹேமரை எட்டாது. எட்டிப் பிடிக்க முயலும்போதுதான் வழுக்கும். உடை விதியும் குறுக்கே வரும். நவீன ஷூட்டிங் கையுறைகளுக்கும் வெளியே தெரியும் வெல்க்ரோ, நைலான் சாமான்களுக்கும் தடை உண்டு. மருத்துவக் காரணம் என்றால் போட்டிக்கு முன்பே மேட்ச் டைரக்டரிடம் கேட்டுவிடுங்கள். மெல்லிய தோல் கையுறை பழைய பாணிதான். அதனால் தோல் உரசல் குறையும். மூட்டுக்கு அதனால் ஆகப்போவது பெரிதாக ஒன்றுமில்லை.

இனி துப்பாக்கிப் பக்கம். செலவே இல்லாத மாற்றத்திலிருந்து தொடங்குவோம்.

ஹேமரின் பின்முனையில் பள்ளம் பள்ளமாக வெட்டிய பிடிப்பு இருக்கிறது. உங்கள் கட்டைவிரலின் எந்தப் பகுதி அதன் மேல் படுகிறது என்று கவனியுங்கள். துப்பாக்கி காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு, இடது கையால் ஒரே ஒரு தடவை செய்து பார்த்தால் போதும். பலரும் நுனிச் சதையை வைத்துக் கட்டைவிரலை வளைத்து இழுக்கிறார்கள். நுனியிலிருந்து அடிமூட்டுக்கு உள்ள முழு நீளமும் நெம்புகோலாகிச் சுமை அங்கே பெருகுகிறது. நுனி மூட்டின் மடிப்புக் கோடு ஹேமர் மேல் படும்படி விரலை இன்னும் உள்ளே கொண்டு வாருங்கள். பிறகு விரலை வளைத்துச் சுரண்டாமல், ஓரளவு நீட்டிய நிலையிலேயே வைத்து, முழுக் கையும் சற்றே பின்னோக்கி வரும்படி இழுங்கள். நெம்பின் நீளம் குறையும். வேலையில் பாதியை மணிக்கட்டும் முன்கையும் எடுத்துக்கொள்ளும். ஹேமர் முழுமையாகப் பின்னுக்கு வந்து மாட்டும் ஒலியைக் கேட்ட பின்னும் கூடுதலாக நெரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெரிய மாற்றம்: இரண்டு கையால் சுடுவது. டூயலிஸ்ட் பிரிவில் பிடிப்பதும் இழுப்பதும் ஒரே கையின் வேலை. பிடியை விடாமலேயே கட்டைவிரலைத் தூக்க வேண்டியிருப்பதால் அடிமூட்டு அகன்ற நிலையில் சுமை ஏற்கிறது. அதற்கு ஆகாத நிலை அதுதான். இரண்டு கையால் சுடும்போது வலது கை பிடிப்பதோடு சரி. ஹேமரை இழுப்பது இடது கட்டைவிரல். வலது கட்டைவிரல் கிரிப்பின் இடது பக்கமாகக் கீழே மடங்கிப் படுத்திருக்கட்டும். இடது கட்டைவிரல் அதற்கு மேலாகக் குறுக்கே வந்து ஹேமரைக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். அது வலது கட்டைவிரலின் கணுவில் இடித்தால் வலது கையின் பிடி மேலேறி இருக்கிறது என்று பொருள். வயது அடிப்படையிலான பிரிவுகளில் இரண்டு கை தாராளமாகப் பிடிக்கலாம். 49 வயது நிரம்பியவர்களுக்கான பிரிவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. டூயலிஸ்ட் பிரிவை விட மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சீசனுக்காவது மாறுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. மற்றவை எல்லாம் சுமையைக் குறைக்கும். இது ஒன்றுதான் சுமையையே வேறு கைக்கு மாற்றுகிறது. இடது அடிமூட்டையும் மேலே சொன்ன மாதிரி சோதித்துவிட்டு மாறுங்கள். இடப்பக்க உறையிலிருந்து எடுத்து வலது கைக்கு மாற்றும்போது குழல்முனை பக்கவாட்டில் திரும்பிவிடும் அபாயம் உண்டு. காலித் துப்பாக்கியில், வேகம் பார்க்காமல், அதை நன்றாகப் பழகிய பிறகே போட்டிக்குப் போங்கள்.

ஹேமரை அடிக்க வைக்கும் மெயின்ஸ்பிரிங்குக்கு வருகிறேன். ரூகர் தொழிற்சாலையிலிருந்து வரும் ஹேமர் ஸ்பிரிங் 23 பவுண்டு. வுல்ஃப் நிறுவனத்தின் ஸ்பிரிங் பேக்கில் 19, 18, 17 பவுண்டு கிடைக்கும். எடுத்தவுடன் 17-க்குப் போகாதீர்கள். ஸ்பிரிங் இளைத்தால் ஹேமர் அடியின் வேகமும் குறையும். தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் வெடிக்காமல் போகலாம். வெடிக்காத ஒவ்வொரு ரவுண்டும் இலக்கைத் தவறவிட்ட கணக்கில் 5 விநாடி தண்டனை. மீண்டும் சுட முயன்றால், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு வரக் கூடுதல் இழுப்புகள். வலியைக் குறைக்கப் போய் இழுப்பைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. முதலில் 19 போட்டு, போட்டியில் பயன்படுத்தும் அதே தோட்டாவில் 50 ரவுண்டு சுடுங்கள். ஒன்றுகூடத் தவறாவிட்டால் 18, பிறகு 17. ஃபெடரல் பிரைமர் மென்மையானது, லேசான அடிக்கும் வெடிக்கும், சிசிஐ கடினமானது. நீங்களே தோட்டா நிரப்பத் தொடங்கினால் இந்த வேறுபாடு உங்கள் கட்டைவிரலுக்கு நேரடியாகப் பயன்படும். பிரைமர், கேஸின் (தோட்டாவின் உலோகக் கூட்டின்) அடியில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தாலும் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும்.

ஸ்பிரிங் மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலைதான். காலித் துப்பாக்கியில் கிரிப் பலகையைக் கழற்றி, ஹேமரை முழுக்கப் பின்னுக்கு இழுத்தால், ஸ்பிரிங்குக்கு நடுவே ஓடும் தண்டின் கீழ்முனையில் ஒரு துளை தெரியும். அதில் ஒரு சிறு ஆணியைச் செருகி ஹேமரை மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு கிரிப் ஃபிரேமின் ஐந்து திருகுகள். தண்டை வெளியே எடுத்த பின் ஆணியை உருவும் நேரத்தில்தான் ஆபத்து. ஸ்பிரிங் அம்பு மாதிரி கிளம்பும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்டைத் துணியில் சுற்றி, வைஸில் பிடித்துச் செய்யுங்கள். இறுக்கிப் பிடித்துக் கையால் அமுக்குவது உங்கள் கட்டைவிரலுக்கு இப்போது ஆகாது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே உங்கள் நிலைமைக்கு நல்லது. மாற்றும் முன்னும் பின்னும் ஒரு அளவு எடுத்து வையுங்கள்: பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசில் ஒரு கயிற்று வளையம் போட்டு, அதை ஹேமர் முனையில் மாட்டிப் பின்னால் இழுத்து, காட்டும் அதிகபட்ச எடையைக் குறியுங்கள். ஸ்பிரிங்கின் பவுண்டு எண்ணும் உங்கள் விரல் உணரும் எடையும் ஒன்றல்ல. இந்தத் தராசு காட்டுவதுதான் விரலுக்கு உரிய கணக்கு. இரண்டு துப்பாக்கிக்கும் தனித்தனியாக அளந்தால் ஒன்று மற்றதைவிடக் கனமாக இருப்பதும் தெரியவரும். உள்ளே பழைய கிரீஸ், பவுடர் (வெடிமருந்து) கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்வதிலேயே நல்ல வித்தியாசம் கிடைக்கும்.

உபெர்டி போன்ற பழைய கோல்ட் வடிவத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு: உங்களிடம் இருப்பது தட்டை ஸ்பிரிங். அதன் அடித் திருகுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு மெல்லிய தோல் துண்டு வைத்தால் வளைவு குறைந்து இழுப்பு இளகும். ஸ்பிரிங்கை உரசி மெலிதாக்காதீர்கள். கோணலாக உரசினால் அந்த இடத்திலேயே ஒரு நாள் முறியும்.

ஹேமரின் உயரமும் முக்கியம். உங்கள் விரல் குட்டையாக இருந்தால், பின்முனை தாழ்வாகவும் அகலமாகவும் உள்ள ஹேமர் பெரிய உதவி. ரூகரின் சூப்பர் பிளாக்ஹாக் ஹேமரைப் பலர் வாக்கேரோவில் பொருத்துகிறார்கள். மோன்டாடோ என்ற தாழ்ந்த ஹேமருடன் ரூகரே ஒரு நியூ வாக்கேரோ வகையை விற்றிருக்கிறது. விரல் ஏறும் தூரம் குறைந்தால் அடிமூட்டு அகலும் கோணமும் குறையும். பொருத்திய பின் சிலிண்டர் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதை மெக்கானிக் பார்க்க வேண்டும். நடப்பு விதிப் புத்தகத்தையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். கிரிப் விஷயத்தில் இன்னொன்று: நியூ வாக்கேரோவின் பிடி சிறியது. டிரிகர் காப்பின் பின்பக்க வளைவு நடுவிரல் கணுவில் வந்து அடிக்கும். கணுவில் நீலம் கட்டினால் சுண்டுவிரலைக் கிரிப்புக்கு அடியில் மடித்து, மற்ற இரண்டு விரலும் சற்றுக் கீழே இறங்கும்படி பிடித்துப் பாருங்கள்.

தோட்டாவுக்கு வருவோம். குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர். விதி கேட்பது குறைந்தது 60. வேகம் 400 அடிக்குக் கீழே போகக் கூடாது. ரிவால்வருக்கு மேல் எல்லை 1,000 அடி. நீங்கள் சுடும் 250 கிரெய்ன் குண்டு 750 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் 187.5. தேவையைப் போல மூன்று மடங்கு! அதே துப்பாக்கியில் 160 கிரெய்ன் குண்டு 600 அடியில் போனால் 96. துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். 38 ஸ்பெஷல் என்ற சிறிய தோட்டாவில் 105 கிரெய்ன் குண்டை 650 அடியில் அனுப்பினால் 68 மட்டுமே. டூயலிஸ்ட் பிரிவுக்குக் காலிபர் (குண்டின் விட்டம்) கட்டுப்பாடு இல்லை. கிளாசிக் கௌபாய் மாதிரிப் பிரிவுகளுக்குத்தான் 40 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆகவே, வருங்காலத்தில் துப்பாக்கி மாற்ற நினைத்தால் 357 மேக்னம் நியூ வாக்கேரோவில் 38 ஸ்பெஷல் போட்டுச் சுடுவது கைக்கு நல்லது. இப்போதைக்கு இருப்பதிலேயே குண்டின் எடையைக் குறையுங்கள்.

குறைப்பதிலும் எல்லை உண்டு. 160 கிரெய்ன் குண்டுக்கு 375 அடியிலேயே 60 வந்துவிடும் என்று கணக்கு சொல்லும். ஆனால் 400 அடி விதி அங்கே நிறுத்தும். அதைவிட முக்கியம், 45 கோல்ட் கேஸ் பெரியது. கொஞ்சம் பவுடர் போட்டால் அது உள்ளே புரளும். துப்பாக்கி மேல் நோக்கியிருந்ததா, கீழ் நோக்கியிருந்ததா என்பதைப் பொறுத்தே வேகம் மாறும். அழுத்தம் போதாமல் கேஸ் விரிந்து அடைக்காவிட்டால் கரி பின்னால் வழிந்து சிலிண்டர் இறுகும். இறுகிய சிலிண்டரைச் சுழற்றுவதும் இதே கட்டைவிரலின் இழுப்புதான்! பவுடர் நிறுவனத்தின் அச்சிட்ட அட்டவணையில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே கூடாது. லேசான தோட்டாவே வேண்டும் என்றால் கௌபாய் 45 ஸ்பெஷல் என்ற குட்டைக் கேஸ் இருக்கிறது; 45 கோல்ட் சிலிண்டரில் அப்படியே உட்காரும். ஆனால் 1873 மாதிரி ரைஃபிள், தோட்டாவைத் தூக்கும் கேரியரை மாற்றாமல் அதை ஏற்காது, சிக்கிக்கொள்ளும். ரிவால்வர் பெட்டியையும் ரைஃபிள் பெட்டியையும் வேறு வேறு நிறத்தில் வையுங்கள். சத்தம் அமுங்கி 'புஸ்' என்று கேட்டால் அடுத்த இழுப்பு இழுக்காதீர்கள். ஈயக் குண்டு குழலுக்குள்ளேயே நிற்கக்கூடும். அதன் மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும்.

ஒற்றைக் கையாலேயே தொடர்வதானால் மிக லேசான தோட்டாவும் சங்கடம்தான். உதைப்பில் துப்பாக்கி கையில் சற்று உருண்டு எழும்போது ஹேமர் தானாகக் கட்டைவிரலை நோக்கி வருகிறது. அந்த எழுச்சியே இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் விரல்தான் ஏறிப் போய் எட்ட வேண்டும். டூயலிஸ்டுக்கு 90 முதல் 110 வரையிலான பவர் ஃபேக்டர் இசைவாக இருக்கும் என்பது என் கணிப்பு. இரண்டு கைக்கு 65, 70 போதும்.

ரிவால்வரை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டை மறந்துவிட வேண்டாம். ரைஃபிளில் ஸ்டேஜுக்கு 10 தோட்டாவைப் பக்கவாட்டுக் கதவு வழியாக அழுத்தி ஏற்றுகிறீர்கள். ஆறு ஸ்டேஜுக்கு 60 அழுத்தம், எல்லாம் கட்டைவிரல் நுனியால். ஒரு தோட்டாவை முழுக்கத் தள்ளாமல் பாதியில் விட்டு, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளுங்கள். கடைசி ஒன்றை மட்டும் ஒரு சிறு மரக்குச்சியால் உள்ளே அனுப்பலாம். லோடிங் மேசையில் கடிகாரம் ஓடுவதில்லை, அவசரமே இல்லை. கதவின் ஸ்பிரிங்கையும் மெக்கானிக் இளக்கித் தருவார். ஷாட்கன் வெளியே ஹேமர் வைத்த இரட்டைக் குழலாக இருந்தால் அதுவும் கட்டைவிரலுக்குத்தான் வேலை. உள் ஹேமர் கொண்டதற்கு மாறுவது நல்லது. ஷெல் உட்காரும் சேம்பரைப் பாலிஷ் செய்து வைத்தால் காலி ஷெல்லை நகத்தால் கிள்ளி இழுக்கும் பாடு இருக்காது. ரைஃபிளின் லீவரில் தோல் சுற்றினால் விரல்களின் பின்பக்கம் தப்பிக்கும்.

போட்டி நாளில் கிளம்பும் முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் வைத்திருங்கள். டெக்சாஸ் குளிர்காலக் காலையில் முதல் ஸ்டேஜிலேயே மூட்டு பிடித்துக்கொள்வதை இது தடுக்கும். ஸ்டேஜ்களுக்கு நடுவே பிறருக்குக் காலிக் கேஸ் பொறுக்குவது, இலக்கைப் பொருத்துவது எல்லாம் இடது கையால் இருக்கட்டும். முடிந்தபின் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம்.

மாத்திரைக்கு வருகிறேன். இபுபுரூஃபனை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போவது வலி சொல்லும் எச்சரிக்கையை அமுக்கிவிடுகிறது. நீங்கள் மூன்றாவது ஸ்டேஜில் நிறுத்த வேண்டியதை ஆறு வரை இழுக்கிறீர்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகம் பற்றிய கவலையும் சேர்கிறது. ரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் இன்னும் கூடுதலாக. உங்கள் டாக்டரிடம் கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டும். கை மூட்டுக்கு 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல் முதல் தேர்வு. அமெரிக்காவில் 2020 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஒரு கைக்கு ஒரு தடவைக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு முறை. பெட்டியில் வரும் அளவு அட்டையில் அளந்து போடுங்கள். தடவிய பின் ஒரு மணி நேரம் கையைக் கழுவக் கூடாது. ஆனால் தடவும் முன் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். ஈயக் குண்டும் பிரைமர் புகையும் பட்ட கையில் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு, அதே கையால் சாப்பிடக் கூடாது. ஜெல்லும் மாத்திரையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். இரண்டும் ஒரே வகை மருந்து. தூக்கம், மயக்கம் தரும் எந்த வலி மருந்து எடுத்த நாளிலும் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

விரல் மரத்திருந்தாலும் அப்படியே. பாதி இழுத்த ஹேமர் வழுக்கினால் குண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. சுடுபவரிடமிருந்து 5 முதல் 10 அடிக்குள் குண்டு விழுந்தால் அந்த ஸ்டேஜிலிருந்தும், 5 அடிக்குள் விழுந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம் என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை. ஒரு ஸ்டேஜில் இரண்டு தடவை ஹேமர் விரலிலிருந்து நழுவினால், அன்றைக்கு ரிவால்வரை வைத்துவிடுங்கள்.

இரண்டு வார ஓய்வுக்குப் பின் திரும்ப ஆரம்பிக்கும்போது, இளக்கிய ஸ்பிரிங்கில், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 20 இழுப்பு. பத்துக்கு மதிப்பெண் போட்டால் வலி 3-ஐத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அப்படி வந்தால் வாரத்துக்கு 10 கூட்டுங்கள். வராவிட்டால் முந்தைய வாரத்தின் எண்ணுக்கே திரும்புங்கள். 60-க்கு மேல் போகத் தேவையே இல்லை. போட்டி கேட்பதும் அவ்வளவுதான்.

ஆறு வாரத்தில் பாட்டில் மூடி திறக்க வரவில்லையென்றால் கை அறுவை நிபுணரையோ சான்று பெற்ற கை சிகிச்சையாளரையோ பாருங்கள். கட்டைவிரல் அடிச் சதை வற்றிக் குழி விழுந்தால், மரப்பு விடாமல் இருந்தால், பல மூட்டுகள் காலையில் அரை மணிக்கு மேல் இறுகி வீங்கினால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. மூட்டு சூடாகச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள். உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்க மேட்டை அழுத்தினால் கூர்மையாக வலிக்கிறது என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். கிரிப் இடிக்கும் அந்த இடத்தில் ஒரு சிறு எலும்பு முறிந்திருக்கலாம், சாதாரண எக்ஸ்ரேயில் அது கண்ணில் படாமல் போவதுண்டு. ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் மெட்ஃபார்மின் எடுப்பதைச் சொல்லுங்கள்; ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், வழக்கத்தைவிடக் கூடுதலாக விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டியிருக்கும். ஊசி போட்டு வலி மறைந்த அதே வாரம் போட்டிக்குப் போகாதீர்கள்.

டாக்டரிடம் துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டாம். நண்பர் ஒருவரை இடது பக்கம் பின்னால் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி, நீங்கள் ஐந்து ரவுண்டு சுடுவதைக் கைக்கு நெருக்கமாக ஸூம் செய்து மெதுவோட்ட வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். அத்துடன் கொக்கித் தராசில் எடுத்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.